மேலே வைத்த மூன்று தோட்டாக்கள்

ஆர்லிஸ் டக்கெட்டிடம் ஒரு பெட்டி தோட்டா வாங்குவதைவிட அவர் வீட்டில் பெண் கேட்டுப் போவது சுலபம் என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்குப் பெண்ணும் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. அதனால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

மேபின் தீவனக் கடையில் கோழித் தீவன மூட்டைகளையும் மாட்டு உப்புக் கட்டிகளையும் தாண்டிப் பின்பக்கம் போனால், கண்ணாடி மேஜைக்குப் பின்னால் அவர் நிற்பார். வயது அறுபத்தொன்று. தோள் அகலம், குரல் தணிவு. மரம் அறுக்கும் ஆலையில் இருபது வருஷம் நின்றதில் இடது காது மந்தம். ஆலை மூடிய பிறகு இந்த மேஜைக்கு வந்தவர், வேறெங்கும் போகவில்லை.

போன அக்டோபரில் ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். புது பூட்ஸ், புதுத் தொப்பி.

"பன்னிக்குத்தான் சார். எது சல்லிசோ அதுல ரெண்டு பெட்டி குடுங்க."

"துப்பாக்கி என்ன அளவு?"

"டூ டுவென்டி த்ரீ."

"குழல்ல எழுதியிருக்கறதப் பார்த்துச் சொல்றீங்களா, ஞாபகத்துல சொல்றீங்களா?"

"என் துப்பாக்கி எனக்குத் தெரியாதா?"

"வண்டியிலதானே இருக்கு? போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

ஜன்னலோரம் டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஹர்ஷல் கிழவர் கட்டைகளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "போயிட்டு வாங்க தம்பி. நான் ஒரு தடவை இவர்கிட்ட எலிப்பொறி கேட்டேன். எந்த எலின்னு கேட்டார்."

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்து வந்தார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ஆர்லிஸ் அந்தச் சல்லிசுப் பெட்டியை எடுக்கவில்லை.

"இது கொயோட்டி நரிக்கு ஆனது. குண்டு மேல செம்பு மெல்லிசு, பட்ட உடனே சிதறிடும். ஆண் பன்னிக்குத் தோள் மேல பூட்ஸ் அடி மாதிரி கெட்டியா ஒரு தோல் இருக்கு. அதுல பட்டு இது பொடியாப் போகும். பன்னி அங்கயே சாகாது. மூணு நாள் புதர்ல கிடந்து சீழ் வெச்சுச் சாகும். இல்லேன்னா தேடிப் போற உங்க நாய் வயித்தைக் கிழிக்கும். முழுச் செம்புக் குண்டு இருக்கு, அதை எடுத்துக்குங்க. மானுக்கும் அதே ஆகும்."

"விலை கூட இருக்குமே?"

"இருக்கும். கடைசியா எப்ப காகிதத்துல குறி வெச்சுச் சுட்டுப் பார்த்தீங்க? புதுப் பெட்டி மாத்தினா குண்டு வேற இடத்துல போய் விழும். முதல்ல காகிதத்துல சுடுங்க, அப்புறம் காட்டுக்குப் போங்க."

"நான் தோட்டா வாங்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

"பாஸ் பண்ணிட்டீங்க, கவலைப்படாதீங்க. என்னை மூணு வருஷமா ஃபெயில் பண்றார்," என்றார் ஹர்ஷல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மேஜைக்குப் பின்னால் அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை. டூ டுவென்டி த்ரீ பெட்டிகளை மேஜையின் ஒரு கோடியிலும், முந்நூறு பிளாக்அவுட் என்ற இன்னொரு அளவுத் தோட்டாப் பெட்டிகளை மறு கோடியிலும் வைத்து, நடுவில் பன்னிரண்டடி தூரம் மானை வரவழைக்க உரசும் கொம்புகளும் கத்திகளுமாக நிரப்பி வைத்திருப்பார். அந்தப் பன்னிரண்டு அடி ஏன் என்று கடையில் யாருக்கும் தெரியாது. ஆர்லிஸுக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது.

ஆர்லிஸுக்கு ஒரே ஒரு தம்பி. பெயர் வெல்டன். ஏழு வயது இளையவன். நெச்சஸ் ஆற்றங்கரையில் டக்கெட் குடும்பத்துப் புல்வயல் அவன் பொறுப்பில் இருந்தது. புல் அறுத்துக் கட்டி விற்பான், முப்பது பசு வைத்திருந்தான். ஊரில் அவனைப் போல வாய்விட்டுச் சிரிப்பவன் கிடையாது. சர்ச்சில் பாட்டு முடிந்த பிறகும் அவன் குரல் மட்டும் ஒரு வினாடி நீண்டு ஒலிக்கும், அதற்கே சனங்கள் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் அண்ணன் தம்பி இருவரும் மான் வேட்டைக்கு ஆற்றோரக் காட்டில் தகரக் கூரைக் குடிசைக்குப் போவார்கள். அங்கே அவர்கள் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. தோட்டா நிரப்பிய துப்பாக்கி கூரைக்குக் கீழே வரக் கூடாது. வாசலிலேயே துப்பாக்கியைக் காலி செய்து, பையில் இருப்பதையும் எடுத்து, கதவருகில் இருக்கும் காபி டப்பாவில் போட்டுவிட வேண்டும். காலையில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷமாக அந்த டப்பாவால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஏனென்றால் ஒன்றின் துப்பாக்கிக்குள் மற்றது ஏறிவிடும் அளவுக்கு ஒத்த தோட்டாக்கள் அதில் விழுந்ததில்லை.

அந்த வருஷம் ஆர்லிஸ் பன்றிக்கென்று புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தார். முந்நூறு பிளாக்அவுட். தம்பியுடையது டூ டுவென்டி த்ரீ. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் இரண்டுக்கும் ஒன்றேதான். தோட்டாவின் பித்தளை அடிப்பாகமும் ஒரே அளவு. குண்டு மட்டும் முந்நூறுக்குப் பருமன். அந்தப் பருமன் குண்டு மற்றதன் ஒல்லிக் குழலுக்குள் போகாது. ஆனால் சில சமயம் குண்டு தன் பித்தளைக்குள்ளேயே பின்னால் அமுங்கிக்கொண்டு, துப்பாக்கியை மூட விட்டுவிடும். அப்போது விசையை இழுத்தால் குண்டு வெளியே போக வழியில்லை. வெடி முழுதும் சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும்.

இதெல்லாம் ஆர்லிஸுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், முதல் நாள் சாயங்காலம் அவருடைய கை பழக்கப்படி அந்த டப்பாவில் தோட்டாக்களைக் கொட்டிவிட்டது. பழக்கம் மனுஷனை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறது, பாருங்கள்.

மறுநாள் விடியும் முன் ஆர்லிஸ் காபி போட்டார். வெல்டன், முந்தின நாள் டப்பாவில் போட மறந்து சட்டைப் பையிலேயே கிடந்த தோட்டாக்களை எடுத்து மேகசினில் அடுக்கினான். அதை மேஜையில் வைத்துவிட்டு நாய்களுக்குச் சோறு வைக்க வெளியே போனான். ஆர்லிஸ் எடுத்துப் பார்த்தார். ஏழுதான் இருந்தது. பத்துப் பிடிக்கும். சின்ன வயதில் தம்பியின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்ட அதே கை, டப்பாவுக்குள் போய் மூன்றை எடுத்து, பார்க்காமலே, மேலே வைத்து அழுத்தியது. வெல்டன் திரும்பி வந்தான், மேகசினை எடுத்துக்கொண்டான், "போலாம்ண்ணே" என்றான். அவ்வளவுதான்.

மேலே வைத்ததுதான் முதலில் போகும். கடைசியாக அழுத்தியது முதலில் குழலுக்குள் ஏறும்.

சூரியன் பைன் மரங்களுக்கு மேல் ஏறியபோது அந்தச் சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் போல இல்லை அது. ஆர்லிஸ் தன் பரணிலிருந்து குதித்து ஓடினார். வெல்டன் பரணுக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கையால் மூடியிருந்தான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவனுக்கு நினைவு தெளிந்தது. இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். விசாரிக்க வந்த அதிகாரி, சிதறிய மேகசினில் சுடாத முந்நூறு பிளாக்அவுட் தோட்டா இரண்டு கிடைத்ததாகச் சொன்னார். வெல்டன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பையில கிடந்தது கலந்துடுச்சு போலண்ணே. அப்பா சொன்ன மாதிரி டப்பாவுல போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தானே நிரப்பினேன்? நானே பண்ணிக்கிட்டேன்."

ஆர்லிஸ் வாயைத் திறந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் அவர்களுடைய அம்மா நின்றிருந்தாள்.

"தூங்குடா," என்றார் ஆர்லிஸ்.

அந்த ஒரு வார்த்தைதான் அவர் சொன்ன பொய். அதற்குப் பிறகு அதைச் சொல்லவும் தேவைப்படவில்லை. அது தானே வளர்ந்துகொண்டது.

ஒரு கண்ணும் இரண்டு விரலும் போனதற்காக யாரும் வெல்டனைக் குறைவாக நினைக்கவில்லை. அவனேதான் நினைத்தான். அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து பார்ப்பான். டிராக்டர் சாவியை எடுப்பான், வைப்பான். மகள் ஜோசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக மாட்டான். பசுவுக்கு மருந்து கொடுப்பதானாலும் அண்ணனுக்குப் போன் செய்து அளவைப் படித்துக் காட்டுவான். "நீ ஒரு தடவை சரியான்னு பாருண்ணே." அவன் மனைவி கோரின் மூன்று வருஷம் பார்த்தாள். "கண்ணு போன மனுஷனோட என்னால வாழ முடியும். என்னையும் நம்பாம தன்னையும் நம்பாம இருக்கறவரோட முடியலை," என்று ஆர்லிஸிடம் அழுதுவிட்டு, டல்லாஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? ஆர்லிஸ் அன்றைக்குப் புல்வயல் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்றிருந்த வெல்டன் அண்ணனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "எனக்கு இனிமே உன்னை விட்டா யாருண்ணே?" என்றான். இதைக் கேட்ட பிறகு எந்த நாக்கு எழும்?

சர்ச்சில் பியானோ வாசித்த நடீனுக்கு ஆர்லிஸ் கல்யாண வாக்குக் கொடுத்திருந்தார். அதையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, "தம்பியைப் பார்த்துக்கணும்," என்றார். ஊரே அவரைப் புகழ்ந்தது. அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை அது என்று யாருக்குத் தெரியும்? ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் வெல்டன் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவான். ஆர்லிஸ் பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் வறுத்த கோழியும் செய்து வைப்பார். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளையும் ஆர்லிஸ் அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே தள்ளினார். உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி காலியாகிவிடும். அதுதான் அவருடைய பயம். வேறு பயமே அவருக்குக் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் ஜோசி திரும்பி வந்தாள். வயது இருபத்தாறு. போமாண்டில் நர்ஸ் வேலை. அப்பாவைத் தனியே விட மனம் கேட்காமல் எங்கள் ஊர் கிளினிக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த வாரமே பன்றிக் கூட்டம் புல்வயலில் இறங்கியது. ஏர் உழுத மாதிரி எட்டு ஏக்கரைக் கிளறிப் போட்டது. அடுத்த வாரம் இன்னும் ஆறு.

ஜோசி கண்ணாடி மேஜைக்கு வந்து நின்றாள்.

"பெரியப்பா, தாத்தாவோட துப்பாக்கிக்குத் தோட்டா வேணும். முந்நூத்தி எட்டு. குழல்ல எழுதியிருக்கறதப் படிச்சுட்டுதான் வந்தேன். கேக்காதீங்க."

ஹர்ஷல் கை தட்டினார். "இவதான்டா பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்தவ!"

"மானுக்கா, பன்னிக்கா?" ஆர்லிஸ் கேட்டார்.

"ரெண்டுக்கும். சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பம். பரண்ல உட்காருவேன். மான் வந்தா மான், பன்னி வந்தா பன்னி. ஒரே பெட்டி போதாதா?"

"போதும். ஆனா பார்த்து எடுக்கணும். மானுக்கு விலா மெல்லிசு, குண்டு சட்டுனு விரியணும். பன்னிக்கு அதே குண்டு விரிஞ்சாலும் உடையக் கூடாது, உள்ள போய்க்கிட்டே இருக்கணும்." அவர் நாலு பெட்டிகளை எடுத்து வைத்து, மூன்றைத் திரும்ப உள்ளே வைத்தார். "இது நூத்தி அறுபத்தஞ்சு கிரெய்ன் எடை. ஈயமும் செம்பும் ஒட்ட வெச்சது, பிரியாது. ரெண்டு பெட்டி எடுத்துக்கோ. ரெண்டுலயும் ஒரே நம்பர் அச்சடிச்சிருக்கா பாரு, ஒரே நாள் செஞ்சது. ஒண்ணைக் காகிதத்துல சுடு. இன்னொண்ணு வேட்டைக்கு."

அவள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கவில்லை.

"அப்பா வர மாட்டேங்கறார், பெரியப்பா."

"எங்கே?"

"பரணுக்கு. சும்மா பக்கத்துல உட்காருப்பான்னு கேட்டேன். நான் துப்பாக்கி பக்கத்துல வந்தா யாராவது ரத்தம் சிந்துவாங்கன்னு சொல்றார். காகிதத்துல சுடப் போறேன்னு நேத்து சொன்னதுக்கே வாந்தி எடுத்தார். அவருக்கு வயசு அம்பத்தி நாலுதான். இன்னும் எத்தனை வருஷம் இப்படி? ஒரு தப்புக்கு ஒரு மனுஷன் எவ்வளவு நாள்தான் ஜெயில்ல இருக்கணும்?"

ஆர்லிஸ் பெட்டிகளைக் காகிதப் பையில் போட்டார். பையின் வாயை மடித்தார், திரும்ப மடித்தார், இன்னொரு தடவை மடித்தார்.

"பத்திரமா போ," என்றார்.

வியாழக்கிழமை. நடுப்பகல். கடை காலியாக இருந்தது. ஹர்ஷலும் அவருடைய டோமினோ கட்டைகளும் மட்டும். வெல்டன் உள்ளே வந்தான். அவன் அந்தக் கடையின் பின்பக்கத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணனைப் பார்க்க வந்தால்கூட முன்வாசலிலேயே நின்று கூப்பிடுவான். அன்றைக்கு நேரே மேஜைக்கு வந்து, பிரிக்காத ஒரு பெட்டியை, சூடான பாத்திரத்தைப் பிடித்திருப்பதைப் போல நுனி விரலால் பிடித்து வைத்தான்.

"இதைத் திரும்ப வாங்கிக்கண்ணே."

"வித்த தோட்டாவைக் கடையில திரும்ப வாங்கறதில்லைடா. உனக்குத் தெரியாதா?"

"எனக்காக வாங்கிக்க. ஜோசி போகலை. அப்பாவோட துப்பாக்கியை வித்துடப் போறேன். ஹர்ஷல், நீங்க எடுத்துக்கறீங்களா?"

"என் கண்ணுக்குத் துப்பாக்கி வேண்டாம்ப்பா, மூக்குக் கண்ணாடிதான்..." என்று தொடங்கிய ஹர்ஷல், வெல்டனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிவிட்டார்.

"ஜோசி என்ன சொல்றா?" ஆர்லிஸ் கேட்டார்.

"அழறா. தனியாவாவது போவேங்கறா. ஆத்தோரப் புதர்ல குட்டி போட்ட பன்னி கிடக்கு, தனியா எப்படி அனுப்பறது? கூடப் போகவும் என்னால முடியாது. நீயே சொல்லு, ரெண்டு வகைத் தோட்டாவைப் பார்க்காம கலந்தவன் நான். என் கண்ணோட போச்சுன்னு கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு இருக்கேன். அவ கண்ணுக்கும் ஆபத்து வெச்சா, நான் உயிரோட இருக்கறதுல என்னண்ணே அர்த்தம்? அப்பாவோட துப்பாக்கி என் வீட்டை விட்டுப் போகட்டும். அவளும் போமாண்டுக்கே போயிடட்டும். என்கிட்ட இருக்கறது அவளுக்கு நல்லதில்லை."

மேஜையின் கண்ணாடியில் ஆர்லிஸின் இரண்டு கைகளும் ஊன்றியிருந்தன. அந்தக் கைகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மகளையும் இவன் அனுப்பிவிடப் போகிறான். மனைவியை அனுப்பியதைப் போல. அதற்கப்புறம் இவனுக்கு மிச்சம் இருக்கப்போவது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும், பொய் சொன்ன ஒரு அண்ணனும்.

"நீ போட்டது ஏழு," என்றார் ஆர்லிஸ்.

"என்ன?"

"அன்னைக்குக் காலையில. மேகசின்ல நீ போட்டது ஏழு. நான் எண்ணிப் பார்த்தேன். நீ நாய்க்குச் சோறு வைக்கப் போனே. பாக்கி மூணு நான் போட்டேன். டப்பாவிலேருந்து."

டோமினோ கட்டை ஒன்று தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

வெல்டன் ஒன்றும் புரியாதவனைப் போல நின்றான். அப்புறம் மூன்று விரல் மிஞ்சிய அந்தக் கை மெல்ல எழுந்தது. இல்லாத ஒரு மேகசினைக் காற்றில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துவதைப் போல அசைந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. அங்கே நின்றது.

"மேலே," என்றான்.

"மேலேதான்."

"முதல்ல போறது."

"ஆமாம்டா."

"உன்னோடது."

"என்னோடதுதான். பார்க்காம எடுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும். சொல்லலை. அம்மா நின்னா. அப்புறம் நீ என்னைக் கட்டிக்கிட்டே. சொல்ல முடியலைடா... உன் கை மேல ஒரு தப்பும் கிடையாது. என்னைக்கும் கிடையாது. உன் பையில இருந்தது அத்தனையும் சரியான தோட்டா." அறுபத்தொரு வயது மனிதர், கடையின் நடுவில், பட்டப்பகலில், சிறு பிள்ளையைப் போல விசும்பினார். "என்னை அடிச்சுடுடா வெல்டன்."

வெல்டன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா சாகறப்ப கடைசியா என்கிட்ட என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?" அவன் குரல் உயரவேயில்லை. "'நீ கவனமில்லாதவன்ப்பா, அண்ணன் சொல்றபடி கேட்டு நட'ன்னு சொன்னா. அதைச் சொல்லிட்டுதான் கண்ணை மூடினா. நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னே. தலையைக்கூட ஆட்டினே."

ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணு போனது பரவாயில்லைண்ணே. அது யார் கையிலயும் நடக்கும். என் கையிலயே நடந்திருக்கும். ஆனா பதினோரு வருஷம் உனக்குப் போன் பண்ணி, சரியா சரியான்னு கேட்டேனே... ஒவ்வொரு தடவையும் நீ 'சரிதான்டா'ன்னு சொன்னியே... அதை எந்தக் கணக்குல வைக்கிறது?"

அவன் மேஜையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். கையை நீட்டி எடுத்தான். இந்த முறை நுனி விரலால் அல்ல. முழுக் கையாலும் பிடித்து, மூடியைத் திருப்பி, பக்கத்தில் அச்சடித்திருந்ததை ஒற்றைக் கண்ணுக்கு அருகில் வைத்து, உதடு அசையப் படித்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வாசல் வரை போய் நின்றான். திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சமைக்காதே."

கதவு மணி அடித்து ஓய்ந்த பிறகு, ஹர்ஷல் குனிந்து விழுந்த கட்டையை எடுத்தார். ஆர்லிஸைப் பார்க்காமலே, "நான் ஒண்ணும் கேக்கலைப்பா. எனக்கும் காது மந்தம்தான்," என்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது ஊருக்கே தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அடுத்த நாளே ஆர்லிஸ் கடைக்காரர் மேபினிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, "இந்த மேஜையில நிக்க எனக்கு யோக்கியதை இருக்கான்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார். மேபின் ஒரு நாள் யோசித்தார். "நீங்க போனா இங்க நின்னு கேள்வி கேக்கறது யாரு?" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சிலர் ஆர்லிஸிடம் தோட்டா வாங்குவதை நிறுத்தினார்கள். பலர் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது டக்கெட் புல்வயலின் ஓரத்துப் பரணில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதை ஜோசிதான் பிறகு, கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போன என்னிடம் சொன்னாள். அப்பா பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு தோட்டாவையும் எடுத்து, பித்தளை அடியில் பொறித்திருப்பதைப் படித்து, மடியில் வரிசையாக வைத்தார். நாலு தோட்டாவுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. "நான் போடட்டுமாப்பா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா. நானே போடறேன்," என்றார். நாலையும் அவரே துப்பாக்கியில் வைத்து மூடி அவளிடம் கொடுத்தார்.

மான் வரவில்லை. ஏழரை மணிக்கு ஓடைப் பக்கமிருந்து ஒரு பெரிய ஆண் பன்றி தனியாக வந்தது. ஜோசி தோளைக் குறிவைத்துச் சுட்டாள். அப்பா அந்தச் சத்தத்தில் பரண் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மகள் முழுசாக இருந்தாள். இரண்டு கண், பத்து விரல். அவர் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாராம். அப்புறம்தான் பன்றி விழுந்துவிட்டதா என்று பார்த்தார். அது நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தது. குண்டு தோள்தோலைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருந்தது.

"அப்பா அப்பதான் அழுதார்," என்றாள் ஜோசி. "சிரிச்சுக்கிட்டே அழுதார். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

இதை ஆர்லிஸிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "பெரியப்பாவை நினைச்சா எனக்குக் கோபம் வருது. அப்புறம் பாவமா இருக்கு. அப்புறம் மறுபடி கோபம் வருது."

நவம்பர் போயிற்று. வெல்டன் போன் செய்யவில்லை. பசுவுக்கு மருந்தை அவனே அளந்து கொடுத்தான். புல் கட்டும் இயந்திரத்தை அவனே பிரித்து மாட்டினான். ஒருநாள் ஜோசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு லஃப்கின் வரை ஓட்டிப் போனதை ஊரே பார்த்தது. சர்ச்சில் டக்கெட் குடும்பத்து இருக்கையில் ஒரு கோடியில் ஆர்லிஸ் உட்கார்ந்தார், மறு கோடியில் வெல்டன். பாட்டு முடிந்த பிறகு வெல்டனின் குரல் ஒரு வினாடி நீண்டு ஒலித்தபோது, சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லிஸ் மட்டும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கம் நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சமைப்பதை நிறுத்திவிட்டார். டப்பாவில் வரும் பீன்ஸைச் சூடு பண்ணி, அடுப்பருகில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார். சாப்பாட்டு மேஜைக்கே போக மாட்டார்.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜோசி கடைக்கு வந்தாள். வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய இரண்டு பொட்டலங்களைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். பன்றிக்கறி சாஸேஜ். எங்கள் பக்கம் வேட்டையாடிய வீட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு பங்கு போகாமல் இருக்காது.

ஆர்லிஸ் பொட்டலத்தைத் தொடவில்லை. "அப்பா கொடுத்து அனுப்பினானா?"

"இல்ல பெரியப்பா. நானா எடுத்துட்டு வந்தேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"குளிர்பெட்டியிலேருந்து எடுக்கறப்ப பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தார். யாருக்குன்னு கேட்டார். சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை." அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் ஒரு பொட்டலம்தான் எடுத்தேன். இன்னொண்ணை அவர் எடுத்து மேல வெச்சார்."

ஆர்லிஸ் மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதைப் போல ரொம்ப நேரம் இருந்தார். ஹர்ஷல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது ஆர்லிஸ் அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "குளிரா இருக்கு, பார்த்துப் போம்மா," என்றார்.

அடுத்த நாள் சர்ச் முடிந்து வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வாணலியில் வறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, ஐந்து வாரத்துக்குப் பிறகு மேஜையில் போய், வெல்டனின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்.